பேஸ்பால் ஆடும் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி?

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி அணிகளில் பேஸ்பால் ஆடும் மாணவர்கள் நாலரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் கீழ் வரும் ஏதாவது ஓர் அணியில் இடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். அந்த அமைப்பின் உச்சப் பிரிவான டிவிஷன் 1-க்குப் போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். இந்த விகிதம் நெடுநாளாகப் பெரிதாக மாறவில்லை. ஆனால் அந்த இரண்டு பேருக்கு உள்ளே என்ன காத்திருக்கிறது என்பது கடந்த சில வருடங்களில் தலைகீழாகிவிட்டது. பெற்றோர் பலர் இன்னும் பழைய கணக்கை வைத்துக்கொண்டே கல்லூரி தேடுகிறார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுதத் தோன்றியது.

பழைய கணக்கு இதுதான். பையன் பதினெட்டு வயதில் சேருவான். முதல் வருடம் பெரும்பாலும் பெஞ்ச், இரண்டாம் வருடம் அவ்வப்போது ஆட்டம், மூன்றாம் வருடம் நிரந்தர இடம், அதன் பிறகு மேஜர் லீக் என்ற உச்சத் தொழில்முறை லீக்கின் அணிகள் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட். கோச்சுக்கும் வேறு வழி இல்லை. ஒரு டிவிஷன் 1 கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் பேஸ்பால் வீரன் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும் என்று விதி இருந்ததால், தான் எடுத்த பையனைத் தானே வளர்த்தாக வேண்டியிருந்தது.

2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. வேறு கல்லூரிக்குப் போக விரும்பும் வீரர்களின் பெயர்ப் பட்டியல் அது. எந்தக் கோச்சும் பார்த்துக் கூப்பிடலாம். 2021-ல் பேஸ்பால் வீரர்கள் ஒருமுறை தண்டனை இல்லாமல் மாறலாம் என்றார்கள். 2024-ல் படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. இதற்கிடையே கொரோனாவால் 2020 சீசன் பாதியில் நின்றபோது, அப்போது அணியில் இருந்த எல்லோருக்கும் ஒரு வருடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். டிராஃப்டும் சுருங்கியது: 40 சுற்றுகள் நடந்த இடத்தில் 2020-ல் 5 சுற்றுகள், 2021 முதல் 20 சுற்றுகள். முன்பு பின்சுற்றுகளில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கக்கூடியவர்கள் பலர் இப்போது கல்லூரியிலேயே தங்குகிறார்கள்.

கடைசி அடி 2025-ல் விழுந்தது. கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய, ஹவுஸ் வழக்கு என்று அழைக்கப்படும் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஜூன் 6-ம் தேதி ஒப்புதல் தந்தார். ஜூலை 1 முதல் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்த டிவிஷன் 1 கல்லூரிகள் பேஸ்பால் அணியில் 34 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. கொரோனாவுக்குப் பிந்தைய சில வருடங்கள் 40 பேர் வரை அனுமதி இருந்தது. அந்தக் கடைசி ஐந்தாறு இடங்கள்தான், "இப்போது ஆட மாட்டான், ஆனால் இரண்டு வருடத்தில் தேறிவிடுவான்" என்று கோச்சுகள் நம்பிய பையன்களுக்கான இடங்கள். அவை போய்விட்டன.

ஒரு கோச்சின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நின்று பந்தைத் தடுப்பவரின் இடம், காலியாகிறது. ஒரு பக்கம் பள்ளி முடித்த திறமையான பதினெட்டு வயதுப் பையன். இன்னொரு பக்கம் சின்னக் கல்லூரியொன்றில் இரண்டு வருடம் ஆடி, கல்லூரிப் பந்துவீச்சை அடித்துக் காட்டிய இருபத்தோரு வயது இளைஞன், போர்ட்டலில் தயாராக. வேலை போகுமா நிலைக்குமா என்பது அடுத்த மே மாத வெற்றி தோல்வியில் இருக்கும்போது அவர் யாரை எடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. அவர் மேல் கோபப்பட்டும் பயனில்லை. கல்லூரி தேடும் குடும்பம் கேட்க வேண்டியது, அழைப்பு வந்த கல்லூரி எவ்வளவு பெரியது என்பதை அல்ல. அங்கே இரண்டாம் வருடம் நம் பையன் எந்த இடத்தில் நிற்பான் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

எத்தனை வாசல்கள்

டிவிஷன் 1-ல் சுமார் 300 பேஸ்பால் அணிகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே தரம் இல்லை. தங்களுக்குள் போட்டி ஆடும் கல்லூரிகளின் கூட்டை மாநாடு என்பார்கள்; அதில் எஸ்.இ.சி. என்ற தென்கிழக்கு மாநாட்டுக் கல்லூரிகள் தனி உலகம். டிவிஷன் 1 சாம்பியனைத் தீர்மானிக்கும் கல்லூரி உலகத் தொடரை, 2019-லிருந்து 2025 வரை நடந்த ஆறு முறையும் அந்த மாநாட்டு அணிகளே வென்றன: வாண்டர்பில்ட், மிசிசிப்பி ஸ்டேட், ஓல் மிஸ், எல்.எஸ்.யூ., டென்னசி, மறுபடி எல்.எஸ்.யூ. அதே டிவிஷன் 1-க்குள் 2016-ல் கோப்பையை வென்று 2025-லும் இறுதிவரை வந்த கோஸ்டல் கரோலினா போன்ற நடுத்தர அணிகளும் உண்டு, கூட்டமே வராத சின்ன அணிகளும் உண்டு.

அதற்குக் கீழே டிவிஷன் 2; அங்கே ஓர் அணிக்கு 9 முழு உதவித்தொகைக்குச் சமமான பணம், அதைப் பலருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். டிவிஷன் 3-ல் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூடக் கிடையாது. படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும்தான் உதவி. என்.சி.ஏ.ஏ.வுக்கு வெளியே என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பு இருக்கிறது, பெரும்பாலும் சின்னத் தனியார் கல்லூரிகள். அதில் இடாஹோவின் லூயிஸ்-கிளார்க் ஸ்டேட் 19 முறை சாம்பியன்.

இவை தவிர ஜூனியர் கல்லூரி, பேச்சு வழக்கில் ஜூகோ. இரண்டு வருடப் படிப்பு. தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுருங்கும். "கம்யூனிட்டி காலேஜா?" என்பார்கள். ஆல்பர்ட் புஹோல்ஸ் கான்சஸ் சிட்டியின் மேப்பிள் வுட்ஸ் கம்யூனிட்டி காலேஜில் ஆடி, 1999-ல் 13-வது சுற்றில் எடுக்கப்பட்டு, 703 ஹோம் ரன் அடித்தவர். பிரைஸ் ஹார்ப்பர் பள்ளியைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு காலேஜ் ஆஃப் சதர்ன் நெவாடாவுக்குப் போய், 2010-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். அவருடைய கணக்கு சரியான கணக்கு: நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்தால் மூன்றாம் வருடம் முடியும் வரை அல்லது 21 வயது ஆகும் வரை டிராஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும், ஜூகோவில் அந்தக் காத்திருப்பு இல்லை. டிராஃப்ட் கனவே இல்லாத பையனுக்கும் ஜூகோ நல்ல இடம்தான். அங்கே அவன் முதல் வருடமே ஆடுவான். ஆடினால்தான் முன்னேற்றம். இரண்டு வருடம் கழித்து, போர்ட்டல் பையன்களைத் தேடும் அதே கோச்சுகள் அவனையும் தேடி வருவார்கள்.

ரோஸ்டரைப் படிப்பது

ஒவ்வொரு கல்லூரியும் அணிப் பட்டியலை, அதாவது ரோஸ்டரை, தன் விளையாட்டுத் தளத்தில் போட்டிருக்கும். பழைய வருடப் பட்டியல்களும் அங்கேயே கிடக்கும். வண்ணப் படங்கள், புது மைதானம், லாக்கர் அறை வீடியோ எல்லாவற்றையும் விட உண்மை சொல்வது இந்தச் சலிப்பூட்டும் அட்டவணைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

மூன்று வருடத்துக்கு முந்தைய பட்டியலை எடுத்து, முதலாம் ஆண்டு என்று குறித்திருக்கும் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வருடப் பட்டியலில் அந்தப் பெயர்களைத் தேடுங்கள். அதற்கடுத்த வருடத்திலும் தேடுங்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்து இரண்டு வருடத்தில் மூன்று பேர்தான் மிச்சம் என்றால், அந்தக் கோச் உங்கள் வீட்டுக்கு வந்து என்ன பேசினாலும் விஷயம் அந்தத் தாளில் இருக்கிறது. எட்டு பேர் மிச்சம் இருந்தால் அங்கே பையன்களை வளர்க்கிறார்கள். காணாமல் போனவர்கள் எங்கே போனார்கள் என்றும் பாருங்கள். டிராஃப்டில் போயிருந்தால் ஒரு கதை, மூன்று படி கீழே உள்ள கல்லூரிக்குப் போயிருந்தால் வேறு கதை.

அடுத்து "முந்தைய கல்லூரி" என்ற கட்டம். பட்டியலில் பாதிப் பேருக்கு அந்தக் கட்டத்தில் ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது போர்ட்டலை நம்பி நடக்கும் அணி. நம் பையனின் இடத்தில் யார் யார், எந்த ஆண்டு என்று எண்ணும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பள்ளி அணியில் நல்ல ஆட்டக்காரனைத்தான் ஷார்ட்ஸ்டாப்பில் நிறுத்துவார்கள். எனவே கல்லூரி அணியின் இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ், சென்டர் ஃபீல்டு எங்கும் நிற்பவர்கள் பழைய ஷார்ட்ஸ்டாப்புகளாகவே இருப்பார்கள். பிட்சர்கள்கூட இருப்பார்கள்: ஜேக்கப் டிகிராம் ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்துக்கு ஷார்ட்ஸ்டாப்பாகப் போனவர், அங்கேதான் பந்து வீசத் தொடங்கினார். அதனால் "ஷார்ட்ஸ்டாப் ஒருவர்தான் இருக்கிறார்" என்று சந்தோஷப்பட்டுவிட முடியாது. பேஸ்களைக் காத்து நிற்கும் மொத்த இன்ஃபீல்டையும் எண்ண வேண்டும்.

பிட்சர் பிள்ளை என்றால் இன்னொரு வேலையும் உண்டு. டிவிஷன் 1 அணி ஒரு சீசனில் 56 ஆட்டங்கள் வரை ஆடும். வெள்ளி, சனி, ஞாயிறு மாநாட்டுத் தொடர். வாரத்தின் நடுவில், பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை, ஒரு தனி ஆட்டம். முதலாண்டுப் பையன்களை இறக்கிப் பார்ப்பது அந்தச் செவ்வாய்க்கிழமைகளில்தான். ஏப்ரல் மாதச் செவ்வாய் ஆட்டங்களின் ஸ்கோர் விவரங்களைத் திறந்து, யார் வீசினார்கள், எந்த ஆண்டு மாணவர்கள் என்று பாருங்கள். அங்கேயும் நாலாம் ஆண்டு மாணவர்களே வீசுகிறார்கள் என்றால் புதியவர்களுக்கு அந்த அணியில் கதவு இல்லை. எத்தனை பந்து வீச வைத்தார்கள் என்ற எண்ணும் பல ஸ்கோர் விவரங்களில் இருக்கும். வெள்ளிக்கிழமை 110 பந்து வீசியவனை ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடும் கோச்சிடம் என் பிள்ளையின் முழங்கையை ஒப்படைக்க மாட்டேன். முழங்கைத் தசைநாருக்குச் செய்யும் டாமி ஜான் அறுவை சிகிச்சை ஆனால் திரும்பி வந்து வீச ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். நான்கு வருடக் கல்லூரி வாழ்க்கையில் அது பெரிய பங்கு.

முதல் வருடமே ஜொலிக்கும் பையன்கள் இல்லாமல் இல்லை. தாய்வழியில் இந்திய வேர் கொண்ட பிட்சர் குமார் ராக்கரை அமெரிக்க இந்தியக் குடும்பங்கள் பெருமையோடு சொல்வதுண்டு. 2018-ல் ஜார்ஜியாவில் பள்ளி முடித்தபோது கொலராடோ ராக்கீஸ் அவரை 38-வது சுற்றில் எடுத்தது. அவர் வாண்டர்பில்ட்டுக்குப் போனார். 2019 ஜூனில், முதலாண்டு மாணவராக, டியூக் அணிக்கு எதிராக ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 19 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். அது போர்ட்டல் வெள்ளத்துக்கு முந்தைய காலம். அவரைப் போன்றவர்களுக்கு எந்தக் காலமும் ஒன்றுதான், அது வேறு விஷயம். நம் வீட்டுப் பையன் அந்த ரகமா என்பதை நாம் சொல்லத் தேவையில்லை; அந்த ரகமாக இருந்தால் பதினாறு வயதிலேயே ஊரெல்லாம் சொல்லிவிடும்.

பிட்சர் பால் ஸ்கீன்ஸின் பாதை எனக்கு இன்னும் பாடமாகப் படுகிறது. பள்ளி முடித்தபோது எந்த மேஜர் லீக் அணியும் அவரை எடுக்கவில்லை. பேஸ்பாலில் பெரிய பெயர் இல்லாத விமானப்படை அகாடமியில் சேர்ந்து, இரண்டு வருடம் பந்தும் வீசினார், அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சராகவும் நின்றார், அடித்தும் ஆடினார். அவரை விடாமல் ஆட வைத்த இடம் அது. பிறகு எல்.எஸ்.யூ.வுக்கு மாறி, 2023-ல் கோப்பையை வென்று, அந்த வருட டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார். 2025-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. போர்ட்டல் அவருக்கு ஏணியாக இருந்ததற்குக் காரணம், முதல் இரண்டு வருடமும் அவர் களத்தில் இருந்தார்.

பணம்

"ஃபுல் ஸ்காலர்ஷிப்" என்ற சொல் பேஸ்பாலில் நெடுங்காலம் ஏறக்குறைய பொய்யாகவே இருந்தது. டிவிஷன் 1 அணிக்கு மொத்தம் 11.7 உதவித்தொகை; அதை அதிகபட்சம் 27 பேருக்குப் பிரிக்க வேண்டும்; பெறும் ஒவ்வொருவருக்கும் குறைந்தது கால் பங்கு. ஹவுஸ் ஒப்பந்தத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு இந்த உச்சவரம்பு போய்விட்டது. 34 பேருக்கும் முழுத் தொகை கொடுக்கலாம். கொடுக்கலாம் என்பது வேறு, கொடுப்பார்கள் என்பது வேறு. அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் பணம் போன பிறகு பேஸ்பாலுக்கு என்ன மிஞ்சுகிறது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஹார்வர்டு, யேல் போன்ற பல்கலைக்கழகங்களின் ஐவி லீக் இந்த ஒப்பந்தத்திலேயே சேரவில்லை. அங்கே விளையாட்டு உதவித்தொகை என்றைக்கும் கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளிமாநில அரசுக் கல்லூரி ஒன்றில் எல்லாச் செலவும் சேர்த்து வருடம் 58,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கோச் 40 சதவீதம் தருகிறார். வருடம் 23,200. கேட்க இனிக்கிறது. வீட்டிலிருந்து போவது 34,800, நான்கு வருடத்துக்கு 1,39,200 டாலர். இப்போது சொந்த மாநிலக் கல்லூரி: மொத்தச் செலவு 30,000, பேஸ்பால் பணம் பூஜ்யம், ஆனால் மதிப்பெண்ணுக்காக மாநில அரசு 11,000 தருகிறது. வீட்டிலிருந்து 19,000, நான்கு வருடத்துக்கு 76,000. பேஸ்பால் பணமே தராத கல்லூரி 63,200 டாலர் மலிவாக முடிகிறது. ஜார்ஜியாவில் லாட்டரிப் பணத்தில் நடக்கும் ஹோப் உதவித்தொகையும், லூசியானாவின் டாப்ஸ் திட்டமும் இப்படித்தான் அந்த மாநில அணிகளுக்கு வருடக்கணக்கில் கைகொடுத்தன. மதிப்பெண் உள்ள பையன் கோச்சின் பட்ஜெட்டைத் தொடாமலே வந்துவிடுவான். அவனை அவருக்குப் பிடிக்கும்.

எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. எதில் சதவீதம்? கல்விக் கட்டணத்திலா, தங்குமிடம் சாப்பாடு சேர்ந்த மொத்தத்திலா? ஒரு வருடத்துக்கா, நான்கு வருடத்துக்கா? அடிபட்டால் தொடருமா? எல்லாம் எழுத்தில் வேண்டும். நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற பழைய கையெழுத்துச் சடங்கு 2024 அக்டோபரில் ஒழிக்கப்பட்டுவிட்டது. இப்போது கல்லூரி தரும் நிதி உதவி ஒப்பந்தம்தான் ஆவணம். அதற்கு முன் வாய்மொழியாக "கமிட்" என்று சொல்வது இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தாது. இன்ஸ்டாகிராமில் தொப்பி போட்டுப் படம் போட்ட பிறகு கோச் பின்வாங்கினால் கேட்க நாதி இல்லை.

படிப்பும் சேர்க்கையும்

பிப்ரவரி நடுவில் சீசன் தொடங்கும். வடக்கு மாநிலங்களில் அப்போது பனி. மிச்சிகன், மின்னசோட்டா பக்கத்து அணிகள் முதல் சில வாரங்கள் தெற்கே பறந்துகொண்டே இருக்கும். வியாழன் மதியம் கிளம்பி ஞாயிறு இரவு திரும்பும் பையன் எத்தனை வகுப்பை விடுவான் என்று பெற்றோரே கணக்கிடலாம். மதிய நேரத்தில் லேப் வைக்கும் பொறியியல் துறைகள், மருத்துவமனைப் பயிற்சி கேட்கும் நர்சிங் படிப்புகள் அணிப் பயிற்சியோடு நேராக மோதும்.

கோச் "எங்கள் பையன்கள் எல்லாப் பாடமும் எடுக்கிறார்கள்" என்பார். மறுபடியும் ரோஸ்டரைத் திறங்கள். பல கல்லூரிகள் ஒவ்வொரு வீரரின் பெயருக்குக் கீழும் அவர் படிக்கும் துறையைப் போடுகின்றன. 34 பேரில் ஒருவர்கூடக் கணினிப் பொறியியல் இல்லையென்றால், உங்கள் பையன் முதல் ஆளாக இருக்கத் தயாரா என்று அவனிடமே கேளுங்கள்.

நம்மவர்கள் பலர் தவறவிடும் வாய்ப்பு ஒன்று இருக்கிறது. ஐவி லீக்கிலும், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமரி, எம்.ஐ.டி., சிகாகோ பல்கலைக்கழகம் போன்ற டிவிஷன் 3 கல்லூரிகளிலும் பேஸ்பாலுக்குப் பணம் கிடையாது. ஆனால் கோச் தன் பட்டியலில் உள்ள மாணவனுக்காகச் சேர்க்கை அலுவலகத்தில் குரல் கொடுக்க முடியும். அந்தக் குரலின் எடை கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும், எம்.ஐ.டி. போன்ற இடத்தில் அது சின்னதுதான். பலவற்றில், பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன் மதிப்பெண் பட்டியலைச் சேர்க்கை அலுவலகம் முன்கூட்டியே பார்த்து வாய்ப்பு எப்படி என்று கோச்சிடம் சொல்லும் "ப்ரீ-ரீட்" நடைமுறை உண்டு. பல்லாயிரம் நல்ல மதிப்பெண்காரர்கள் முட்டிக்கொள்ளும் வாசலில் இது சாதாரண உதவி இல்லை. படிப்பில் முதல் வரிசையில் இருந்து, பந்து மணிக்கு 82 மைல் வேகத்தில் வீசும் பையனுக்கு டிவிஷன் 1 கனவைவிட இந்தக் கதவு எத்தனையோ மடங்கு மதிப்புள்ளது. ஆட்டத்தின் தரம் குறைவு என்று நினைப்பவர்கள் பில்லி வாக்னரை நினைக்கலாம். வர்ஜீனியாவின் ஃபெரம் என்ற டிவிஷன் 3 கல்லூரியிலிருந்து 1993-ல் முதல் சுற்றில் எடுக்கப்பட்டு, 2025-ல் பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றவர்.

கோச் போய்விட்டால்

2024 ஜூன் 24-ம் தேதி ஒமாஹாவில், கல்லூரி உலகத் தொடரின் இறுதி ஆட்டத்தில் டெக்சஸ் ஏ அண்ட் எம் டென்னசியிடம் தோற்றது. ஆட்டம் முடிந்ததும், பரம எதிரியான டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போகிறீர்களா என்று ஒரு நிருபர் கேட்டதற்குக் கோச் ஜிம் ஷ்லாஸ்நேகல் எரிச்சலோடு பதில் சொன்னார். மறுநாளே டெக்சஸ் அவரைத் தன் கோச்சாக அறிவித்தது. 2025 அக்டோபரில் டென்னசியின் டோனி விட்டெல்லோ மேஜர் லீக்கின் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு மேனேஜராகப் போனார். அவரை நம்பிச் சேர்ந்த புதிய மாணவர்கள் வளாகத்துக்கு வந்து ஓரிரு மாதம்தான் ஆகியிருந்தது. கோச் என்பவர் ஊழியர். அவருக்கு நல்ல வாய்ப்பு வந்தால் போவார், தோற்றால் அனுப்புவார்கள்.

அணியே போவதும் உண்டு. பாய்சி ஸ்டேட் நாற்பது வருடத்துக்குப் பிறகு பேஸ்பால் அணியைத் திரும்பத் தொடங்கி, 2020-ல் ஒரு சீசனைக்கூட முடிக்காமல் அதே கோடையில் மூடிவிட்டது. ஃபர்மன் பல்கலைக்கழகமும் அந்த வருடம் பேஸ்பாலை நிறுத்தியது. பௌலிங் கிரீன் மூடிய அணியை முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டி மீட்டார்கள். இதனால்தான் அமெரிக்கக் கோச்சுகளே ஒரு கேள்வியைப் பையன்களிடம் கேட்கச் சொல்வார்கள்: நாளைக்கே கை ஒடிந்து இனி ஆட முடியாது என்றாலும் இந்த வளாகத்தில் படிப்பாயா? இதற்கு "ஆமாம்" வராத கல்லூரி எவ்வளவு நல்ல அணி வைத்திருந்தாலும் ஆபத்துதான்.

யார் உண்மையில் கூப்பிடுகிறார்கள்

ஜூன், ஜூலையில் அட்லாண்டாவுக்கு வடக்கே லேக்பாயின்ட் மைதானங்களுக்குப் போனால், வேலிக்குப் பின்னால் ரேடார் கன்னும் ஸ்டாப்வாட்ச்சுமாகக் கோச்சுகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். ஒரு பையன் இரண்டாவது முறை அடிக்க வருவதற்குள் பாதிப் பேர் அடுத்த மைதானத்துக்கு நகர்ந்திருப்பார்கள். அவர்கள் தேடும் எண்கள் ரகசியம் இல்லை. பெரிய மாநாட்டு அணிகள் வலது கைப் பிட்சரிடம் மணிக்கு 90 மைலுக்கு மேல் எதிர்பார்க்கும். அது கிரிக்கெட் கணக்கில் 145 கிலோமீட்டர். 60 கஜ ஓட்டம் 7 வினாடிக்குள் வர வேண்டும். கேட்சர் பந்தைப் பிடித்து இரண்டாம் பேஸுக்கு அனுப்ப 2 வினாடிக்கு அருகில். பையன் இந்த எண்களுக்குப் பக்கத்தில் இல்லையென்றால் கோச்சுகள் முன் திறமை காட்டும் ஷோகேஸ் நிகழ்ச்சிகளுக்கு ஒன்றன் மேல் ஒன்றாகப் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை உடற்பயிற்சிக்கும் நல்ல பயிற்சியாளருக்கும் செலவிடலாம். எண் வளர்ந்த பிறகு காட்டினால் போதும்.

கல்லூரி முகாமுக்கு அழைக்கும் மின்னஞ்சல் வந்தால் வீட்டில் இனிப்பு கொடுக்க வேண்டாம். அந்த அழைப்பு ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போகும். முகாம் கட்டணம் உதவிக் கோச்சுகளின் வருமானத்தில் ஒரு பகுதி. 2023 வரை சம்பளமே இல்லாத தன்னார்வக் கோச் என்ற பதவி இருந்தது, முகாம் பணம்தான் அவர்களுக்குச் சோறு. உண்மையான அக்கறைக்கு வேறு அடையாளம். பையன் ஆடிய குறிப்பிட்ட ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். போனில் கூப்பிடுவார்கள். உதவிக் கோச் பார்த்த பிறகு தலைமைக் கோச்சும் வந்து பார்ப்பார். 2023-லிருந்து, பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை டிவிஷன் 1 கோச்சுகள் மாணவரோடு தொடர்பு கொள்ளக் கூடாது. எட்டாம் வகுப்பில் கமிட் செய்த கூத்துக்கு அது முடிவு கட்டியது. நல்ல விதி.

பேச வேண்டியது பையன். நம் வீடுகளில் அப்பா போனை வாங்கிப் பேசிவிடுவார், அம்மா மின்னஞ்சலை எழுதிவிடுவார். கோச்சுகள் இதைக் கவனிக்கிறார்கள், குறித்தும் வைக்கிறார்கள். பணப் பேச்சு வரும்போது பெற்றோர் வாய் திறந்தால் போதும்.

விசாவில் இருக்கும் குடும்பங்கள்

எச்-1பி விசாவில் இருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் எச்-4-ல் இருப்பார்கள். கிரீன் கார்டு வரிசை நீளமாக இருப்பதால் 21 வயதில் அந்த நிலை முடிந்து, பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டி வரும். கல்லூரி தன் பணத்திலிருந்து தரும் விளையாட்டு உதவித்தொகையைப் பெற இது தடை இல்லை. ஆனால் மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது. ஹோப் போன்ற மாநில உதவிகளுக்கும் குடியுரிமை நிபந்தனை உண்டு. மேலே போட்ட 76,000 டாலர் கணக்கு இவர்களுக்கு அப்படியே பொருந்தாது. சொந்த மாநிலக் கட்டணம் கிடைக்குமா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், 2025-லிருந்து கல்லூரியே வருமானத்தில் பங்கு தரலாம் என்றாலும், வேலை செய்ய அனுமதி இல்லாத விசாவில் அந்தப் பணத்தைத் தொடுவது ஆபத்து. கோச் "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். கையெழுத்துக்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் போக வேண்டும்.

கையெழுத்து பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பு நவம்பரில் நடக்கும். பையன் பெட்டி தூக்கிக்கொண்டு வளாகத்துக்குப் போவது அடுத்த ஆகஸ்டில். நடுவில் ஒரு முழு சீசன் ஓடுகிறது. ஜூனில் போர்ட்டல் நிரம்புகிறது, ஜூலையில் டிராஃப்ட் நடக்கிறது, அணி அந்த இரண்டு மாதத்தில் புதிதாகப் பின்னப்படுகிறது. ஜூலைக் கடைசியில் பையனைக் கோச்சுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். என் இடத்துக்கு இந்தக் கோடையில் யாரை எடுத்தீர்கள், 34 பேரில் நான் இருக்கிறேனா என்று அவனே கேட்கட்டும். பதில் மழுப்பலாக வந்தால், பல ஜூகோக்களில் ஆகஸ்டு வகுப்புகளுக்கு அப்போதும் சேர்க்கை நடந்துகொண்டிருக்கும்.